கடையில் சுகமாக இருந்த சோபா

சோபா வாங்கி ஆறு மாதமான வீடுகளில் பேச்சுக் கொடுத்தால் அநேகமாக ஒரே குறைதான் காதில் விழும். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது அவ்வளவு சுகமாக இருந்தது. வீட்டில் ஒரு முழுப் படம் பார்த்துவிட்டு எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மாமியார் உட்கார்ந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. நடு இருக்கை மட்டும் குழி விழுந்துவிட்டது. கடையில் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அனுப்பியது அதே சோபாதான். கடையில் உட்கார்ந்தது ஐந்து நிமிடம். வீட்டில் உட்கார்வது இரண்டரை மணி நேரம். இந்த நேர வித்தியாசத்துக்குள்தான் விஷயமே இருக்கிறது.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் ஜாங், ஹெலான்டர், ட்ரூரி என்ற மூன்று பேர். இருக்கையில் சுகம் என்று எதைச் சொல்கிறீர்கள், அசௌகரியம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களிடம் கேட்டு, வந்த சொற்களைத் தொகுத்து, எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று பார்த்தார்கள். ஆய்வு 1996இல் வெளியானது. சொற்கள் இரண்டு தனிக் கொத்துகளாகப் பிரிந்தன. மென்மை, ஓய்வு, நிம்மதி, பார்க்க அழகு ஆகியவை ஒரு பக்கம். வலி, மரத்துப்போதல், விறைப்பு, அலுப்பு ஆகியவை இன்னொரு பக்கம். ஒன்று கூடினால் மற்றது தானாகக் குறையும் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. மெத்தென்று இருக்கும் அதே சோபா வலியையும் கொடுக்கலாம். முதல் கொத்து உட்கார்ந்த கணமே தெரிந்துவிடும். இரண்டாவது நேரம் ஆக ஆகத்தான் தலைகாட்டும். கடையில் நாம் சோதிப்பது முதலாவதை மட்டும்.

இரண்டாவதையும் கடையிலேயே ஓரளவு கண்டுகொள்ள முடியும். அதற்கு உறைக்குள் இருக்கும் ஃபோமை, அதாவது நுரைப்பஞ்சை, முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று விற்கும் சோபாக்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பாலியூரித்தேன். இந்தப் பொருளை 1937இல் ஜெர்மனியின் லெவர்கூசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும் உருவாக்கினார்கள். இருக்கைக்கு ஏற்ற மிருதுவான வடிவம் 1950களில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னால் தேங்காய் நார், குதிரை மயிர், இலவம் பஞ்சு, சுருள் ஸ்பிரிங். நடுவில் ரப்பர் பாலை அடித்து நுரைக்கவைத்துச் செய்த லேடெக்ஸ் ஃபோம்.

ஃபோம் உருவாகும் விதம் இட்லி மாவு பொங்குவதற்கு மிக நெருங்கியது. மாவில் நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. அது குமிழ் குமிழாக மாட்டிக்கொண்டு மாவை உப்பவைக்கிறது. ஆவியில் வெந்ததும் குமிழின் சுவர் இறுகி, துளைகள் அப்படியே நின்றுவிடுகின்றன. ஃபோம் ஆலையில் ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டு திரவங்களோடு கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறார்கள். தண்ணீரும் ஐசோசயனேட்டும் சேர்ந்து வெளியிடுவதும் அதே கார்பன் டை ஆக்சைடுதான். சில நிமிடங்களில் கலவை பொங்கி, பெரிய பாளமாக இறுகிவிடும். ஒரு வேறுபாடு உண்டு. கடைசிக் கட்டத்தில் ஃபோமின் குமிழ்ச்சுவர்கள் கிழிந்து, விளிம்புகள் மட்டும் மிஞ்சுகின்றன. சோபா தைக்கும் பட்டறையில் வெட்டிப்போட்ட துண்டு ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இது தெரியும். சுவரே இல்லாத கூண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்; முடியை விட மெல்லிய காம்புகள் மூன்று நான்காக வந்து ஒரு முனையில் கூடும். இந்தத் திறப்புகள் வழியாகத்தான் நாம் உட்காரும்போது காற்று வெளியேறுகிறது, எழும்போது திரும்ப நுழைகிறது. ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ எடையுள்ள ஃபோமில் நூற்றில் ஏறக்குறைய 97 பங்கு காற்று. பாலியூரித்தேன் மூன்று பங்குகூட இல்லை. அந்த மூன்று பங்குதான் குடும்பத்தையே தாங்குகிறது.

அந்தக் காம்புகள் எடையை எப்படித் தாங்குகின்றன என்பதை லோர்னா கிப்சன், மைக்கேல் ஆஷ்பி இருவரும் நுரைப்பொருள்களைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். அழுத்தம் மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் காம்புகள் இலேசாக வளைகின்றன. கை வைத்தால் சற்றே எதிர்க்கும். அடுத்து காம்புகள் மடங்கிச் சரியத் தொடங்குகின்றன. இப்போது எடையைக் கொஞ்சமே கூட்டினாலும் நிறைய அமுங்கும். நமக்கு மெத்தென்று தோன்றுவது இந்தக் கட்டம். கடைசியில் மடங்கிய காம்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. அதற்குமேல் அமுங்க இடமில்லை. கீழே இருக்கும் பலகையில் உட்கார்ந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு. நல்ல ஃபோமில் இரண்டாம் கட்டம் நீளமாக இருக்கும், நாம் உட்கார்ந்தபின் அதன் நடுவில் எங்கோ நிற்போம். மட்டமான ஃபோமிலோ இரண்டு அங்குலத்தில் செய்த மெல்லிய குஷனிலோ நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடுவோம்.

ஆய்வகத்தில் இதை அளக்க ஒரு எளிய முறை இருக்கிறது. நான்கு அங்குல ஃபோம் துண்டின்மேல் எட்டு அங்குல விட்டமுள்ள வட்டத் தகட்டை வைத்து அழுத்துவார்கள். தடிமனில் கால்பங்கு, அதாவது ஒரு அங்குலம், அமுங்க எவ்வளவு விசை வேண்டும் என்று குறிப்பார்கள். பிறகு நூற்றுக்கு 65 பங்கு அமுங்க எவ்வளவு என்று குறிப்பார்கள். முதல் எண் உட்கார்ந்தவுடன் தோன்றும் மென்மையைச் சொல்கிறது. இரண்டாவது எண் முழு எடையும் இறங்கியபின் கிடைக்கும் தாங்குதலைச் சொல்கிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதைத் தாங்குவிகிதம் எனலாம். சாதாரண ஃபோமில் அது இரண்டை ஒட்டி இருக்கும். ஹெச்.ஆர். ஃபோம் என்று விற்கும் உயர் மீள்திறன் வகையில் இரண்டரைக்கு மேல் போகும். லேடெக்ஸில் மூன்றைத் தொடும். கை வைத்தால் ஒரே மாதிரி மிருதுவாகத் தோன்றும் இரண்டு குஷன்களில் ஒன்று நம்மை ஏந்திக்கொள்ளும், மற்றது தரைதட்டிவிடும். அந்த வித்தியாசம் இந்த விகிதத்தில் இருக்கிறது. விரலால் குத்திப் பார்ப்பதும் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பதும் முதல் எண்ணை மட்டுமே காட்டும். குஷனின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி முழு எடையையும் அதில் இறக்கிப் பாருங்கள். அடியில் பலகை முழங்காலில் தட்டினால் அந்தக் குஷன் வேண்டாம்.

கடையில் நமக்குச் சொல்லும் எண் இவற்றில் எதுவும் இல்லை. "இது 32 டென்சிட்டி சார், இது 40 டென்சிட்டி" என்பார்கள். டென்சிட்டி என்பது அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பது. அடர்த்தி கூடினால் கடினம் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தப்பு. 40 அடர்த்தியில் வெண்ணெயாய் அமுங்கும் ஃபோமும் செய்யலாம், 28இல் விறைப்பான ஃபோமும் செய்யலாம். கடினத்தை வேதிக்கலவை தீர்மானிக்கிறது. அடர்த்தி சொல்வது ஆயுளை. காம்புகளில் பொருள் அதிகமிருந்தால், ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்தபின்னும் அவை தளராமல் இருக்கும். இதற்கு ஒரு விலக்கு, ரீபாண்டட் ஃபோம். கழிவுத் துண்டுகளை நறுக்கி, பசை சேர்த்து, அழுத்திச் செய்வது அது. அடர்த்தி 80, 100 என்று இருக்கும். உட்கார்ந்தால் விறைப்பாக இருக்கும். அடியில் ஒரு அடுக்காக வைக்க நல்லது. அதையே முழுக்க வைத்துவிட்டு "நூறு டென்சிட்டி" என்று பெருமையாகச் சொன்னால் ஏற்க வேண்டாம்.

அடர்த்தியை வீட்டிலேயே சரிபார்க்கலாம், அதனால் இதில் ஏமாறத் தேவையே இல்லை. ஜிப் வைத்த உறையைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஃபோமை மட்டும் சமையலறைத் தராசில் வையுங்கள். 60 செ.மீ. நீளம், 60 அகலம், 10 தடிமன் உள்ள குஷன் 32 அடர்த்தியாக இருந்தால் 1 கிலோ 150 கிராம் சுமாருக்கு இருக்க வேண்டும். 40 அடர்த்தியானால் 1 கிலோ 440 கிராம். முள் 720 கிராமில் நின்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது 20 அடர்த்தி ஃபோம். சுண்ணாம்புத்தூள் கலந்து எடையை ஏற்றும் வழக்கமும் இருப்பதால் மீள்திறனையும் பார்த்துவிடுவது நல்லது. ஆய்வகத்தில் 16 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை ஃபோமின்மேல் விழவிட்டு, எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று அளக்கிறார்கள். கோலிக்குண்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டு குஷன்களை ஒப்பிட அது போதும்: ஒரு முழ உயரத்திலிருந்து போட்டால் ஹெச்.ஆர். ஃபோமில் பாதிக்கு மேல் துள்ளும்; தூள் ஏற்றிய ஃபோமில் சோம்பலாகப் படுத்துவிடும்.

குழி விழுவதற்கும் ஒரு சோதனை உண்டு. ஃபோம் துண்டைப் பாதித் தடிமனுக்கு நசுக்கி, 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 22 மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு விட்டால் எவ்வளவு நிமிர்கிறது என்று பார்ப்பார்கள். நிமிராமல் போன பங்குதான் நிரந்தர அமுக்கம். வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்தால் முடிவு இன்னும் மோசமாகும். பாலியூரித்தேனின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பிணைப்புகளில் சிலவற்றை நீர் தளர்த்திவிடுகிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று வாங்கும் வரவேற்பறைகள் இந்தச் சோதனையை ஆண்டு முழுக்க நடத்திக்கொண்டிருக்கின்றன. ஊட்டியில் பத்தாண்டு உழைத்த குஷன் கடற்கரையில் அத்தனை ஆண்டு உழைக்கும் என்று நம்ப வேண்டாம். குஷன்களை வாரம் ஒருமுறை புரட்டிப் போடுவதும் இடம் மாற்றுவதும் நிச்சயமாகப் பலன் தரும். அதனால் இருக்கையோடு சேர்த்துத் தைத்துவிட்ட குஷனை விட, தனியாக எடுக்கக்கூடியதே குடும்பத்துக்கு ஏற்றது என்பது என் முடிவு.

இனி ஃபோமின்மேல் உட்காரும் உடலுக்கு வருவோம்.

இடுப்பெலும்பின் அடியில் வலமும் இடமுமாக இரண்டு புடைப்புகள் இருக்கின்றன. உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்தால் அவை குத்துவது தெரியும். இருக்கை எலும்புகள் என்று சொல்லலாம். வெறும் பலகையில் உட்கார்ந்தால் மேலுடம்பின் எடையில் பெரும்பங்கு இந்த இரண்டு சிறு இடங்களில் இறங்குகிறது. ஃபோம் அமுங்கி, சுற்றியுள்ள சதையையும் தொட்டு ஏந்திக்கொள்ளும்போது அதே எடை பெரிய பரப்பில் பரவுகிறது. சோபாவின் முதல் வேலை இதுதான்.

ஆனால் அழுத்தத்தை முழுக்க இல்லாமல் செய்ய எந்த இருக்கையாலும் முடியாது. தோலில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை யூஜின் லாண்டிஸ் 1930இல் அளந்தார். விரல் நகத்தின் அடியில் தெரியும் நுண்குழாய்க்குள்ளேயே மிக மெல்லிய கண்ணாடி ஊசியைச் செலுத்தி அவர் எடுத்த அளவு, தமனிப் பக்கத்தில் சராசரி 32 மில்லிமீட்டர் பாதரசம். வெளியிலிருந்து வரும் அழுத்தம் இதைத் தாண்டினால் அங்கே இரத்தம் தடுமாறத் தொடங்கும். நல்ல குஷனில் உட்கார்ந்தாலும் இருக்கை எலும்புகளுக்கு அடியில் இந்த அளவு தாண்டிவிடுகிறது. அப்படியானால் நமக்கெல்லாம் புண் வராதது ஏன்? நாம் அசைகிறோம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் சாய்கிறோம், காலை மாற்றிப் போடுகிறோம், நமக்கே தெரியாமல். தண்டுவடம் அடிபட்டு உணர்வு இழந்தவர்களுக்கு, அசையச் சொல்லும் அழுத்தத்தின் செய்தி மூளைக்கு வருவதில்லை. அவர்களுக்குத்தான் அழுத்தப் புண்கள் உண்டாகின்றன. அவர்களைக் கவனித்த ரெஸ்விக், ராஜர்ஸ் இருவரும் 1976இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள்: அழுத்தம் அதிகமானால் சதை தாங்கும் நேரம் குறைவு, அழுத்தம் குறைந்தால் நேரம் அதிகம். சக்கர நாற்காலிக் குஷன்கள் இந்த அறிவின் மீதுதான் வளர்ந்தன.

ஆக, சோபாவின் இரண்டாவது வேலை, நம்மை எளிதாக அசையவிடுவது. ஆளையே விழுங்கிக்கொள்ளும் அதிமென்மையான சோபா தோற்பது இங்கேதான். இடுப்பு குழிக்குள் இறங்கி, இரு பக்கமும் ஃபோம் அணைத்துக்கொண்ட பிறகு, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் மாறவே முயற்சி வேண்டியிருக்கிறது. அதனால் மாறாமல் கிடக்கிறோம். கடையில் "ஆஹா" சொல்லவைத்த குணமே இரண்டு மணி நேரத்தில் மரத்துப்போகவைக்கும் குணமாகிவிடுகிறது.

முதுகு வலிக்கு வருவோம். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெலும்பு கெட்டுவிடும், நிமிர்ந்து உட்கார் என்று நம் வீடுகளில் பிள்ளைகளைத் திட்டாத நாள் குறைவு. முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைத் தட்டுகளில் எவ்வளவு அழுத்தம் என்று நேரடியாக அளந்த முதல் ஆய்வாளர்களில் ஒருவர் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன். 1960களில், உயிருள்ள மனிதர்களின் தட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அளந்தார். நிற்பதை விட ஆதாரமில்லாமல் உட்கார்வதில் அழுத்தம் அதிகம் என்பது அவருடைய முடிவு; உலகம் முழுக்க அது பாடப்புத்தகங்களில் ஏறியது. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹன்ஸ்-யோஆகிம் வில்கேயின் குழு இன்னும் நுண்ணிய கருவியால் அளந்து பார்த்தது. 45 வயதும் 70 கிலோ எடையும் உள்ள ஒரே ஒரு தன்னார்வலர், கீழ்முதுகுத் தட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள உணரியோடு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நடந்தார், குனிந்தார், தூக்கினார், தூங்கினார். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். முதுகுச் சாய்வில்லாமல் தளர்ந்து உட்காரும்போது 0.46. நாற்காலியில் சரிந்து, முதுகைச் சாய்த்துக்கொண்டபோது 0.27. படுத்திருக்கும்போது 0.1. ஒருவரிடம் எடுத்த அளவை எல்லோருக்கும் சட்டமாக்க முடியாதுதான். என்றாலும் ஒரு விஷயத்தில் பழைய அளவும் புதிய அளவும் ஒன்றுபடுகின்றன: முதுகை ஏதாவதொன்றின்மேல் சாய்த்தால் தட்டின் சுமை குறையும். சாய்வதைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியிருக்க வலி எங்கிருந்து வருகிறது? 1953இல் ஜே. ஜே. கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் பலவித நிலைகளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தொடையை மடக்க மடக்க, தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுக்கின்றன. அதனால் கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடுகிறது. உடம்புக்கும் தொடைக்கும் நடுவே 135 டிகிரி இருக்கும்போது எல்லாத் தசைகளும் சமநிலையில் இருக்கின்றன என்று அவர் கண்டார். நம் தாத்தாக்களின் துணிபோட்ட சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காக நாளிதழ் படிக்க முடிந்ததில் வியப்பில்லை; அந்தக் கோணம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. தாழ்வான, குழியும் சோபாவில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. கோணம் 90க்கும் குறைந்து, கீழ்முதுகு வெளிப்பக்கமாக வளைந்துகொள்கிறது. முள்ளெலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் நிமிடத்துக்கு நிமிடம் மெல்ல நீள்கின்றன. எழும்போது "பிடித்துக்கொள்கிறது" என்று சொல்வது பெரும்பாலும் இந்த நீட்சிக்கு உடல் காட்டும் எதிர்ப்பு.

இதற்கு ஃபோம் மட்டும் பொறுப்பில்லை, அளவுகளும் பொறுப்பு. பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை 45 முதல் 50 செ.மீ. வரை இருக்கும்; குள்ளமான பெண்களுக்கு இன்னும் குறைவு. இருக்கையின் ஆழம் 60 செ.மீ. உள்ள சோபாவில் அவர்கள் முதுகைச் சாய்க்கவேண்டுமென்றால் விளிம்பு காலின் பின்புறத்தை அழுத்தும், பாதம் தரையில் படாது. முன்னே நகர்ந்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் வீட்டில் இருக்கும் திண்டு, தலையணை எல்லாம் சோபாவில் குடியேறுகின்றன. இந்தியர்களின் உடலளவுகளைப் பல பகுதிகளிலும் எடுத்துத் தொகுத்த தேப்குமார் சக்ரபர்த்தியின் நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்டது. இப்படிப்பட்ட அட்டவணைகளை வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் விதம் சராசரி மனிதரை எடுப்பதல்ல. இருக்கையின் ஆழத்துக்கும் உயரத்துக்கும் குள்ளமானவரை எடுப்பார்கள், அகலத்துக்குப் பருமனானவரை எடுப்பார்கள். வீட்டிலும் இதையே செய்யலாம். கடைக்கு வீட்டின் மிகக் குள்ளமான பெரியவரை அழைத்துப் போங்கள். அவர் முதுகு முழுக்கச் சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் இருந்தால் ஆழமும் உயரமும் சரி.

ஆழமான சோபாவுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் சோபாவில் ஏறியதும் காலைத் தூக்கி மேலே வைத்துச் சம்மணம் போடுவார்கள். அதற்கு 60 செ.மீ. தாராளமாக வேண்டும். இளையவர்கள் அதில் படுத்தும் புரண்டும் இருப்பார்கள். அவர்களுக்கு நல்லது வயதானவர்களுக்கு ஆகாது.

வயதானவர்கள் எழும் விஷயத்தில் ஆய்வுகள் மிகத் தெளிவாக இருக்கின்றன. உட்கார்ந்தவர் எழ வேண்டுமானால் உடலின் எடைமையம் பாதத்தின்மேல் வந்து சேர வேண்டும். இருக்கை தாழ்ந்தால் அந்தப் பயணம் நீளும்; முழங்கால் தசைகள் கொடுக்க வேண்டிய திருப்புவிசை ஏறும். 2002இல் நெதர்லாந்தின் ஜான்சனும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இருக்கையை உயர்த்தினால் முழங்காலின்மேல் விழும் சுமை 60 சதவீதம் வரை குறைகிறது. கைப்பிடியை ஊன்றி எழுந்தால் இடுப்பின் சுமை ஏறக்குறைய பாதியாகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ள ஒருவருக்கு, தானே எழுவதற்கும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பதற்கும் இடையிலான தூரம் சில சென்டிமீட்டர்தான். இன்னொன்று: எழும்போது எல்லோரும் பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம். தரைவரை பெட்டியாக அடைத்த சோபாவில் பாதம் போக இடமே இல்லை. கால் வைத்த சோபாவின் அடியில் பாதமும் போகும், துடைப்பமும் போகும். ஒரே மாதிரி மூன்று ஒன்று ஒன்று என்று செட்டாக வாங்கும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீள சோபா ஒன்று. அதோடு உயரமான, விறைப்பான, உறுதியான கைப்பிடி உள்ள தனி நாற்காலி ஒன்று பாட்டிக்கோ தாத்தாவுக்கோ. செட் பொருந்தாதது கண்ணுக்கு உறுத்தலாம். அவர் யாரையும் கூப்பிடாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். அதை விட எனக்கு அழகு பெரிதாகத் தெரியவில்லை.

மேலுறையைப் பற்றிக் கொஞ்சம். நாம் அசையாமல் இருக்கும்போது ஃபோமின் கூண்டுகளில் உள்ள காற்று அதிகம் நகர்வதில்லை என்பதால் வெப்பத்தை அது எளிதில் கடத்துவதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இருப்பதும் பாலியூரித்தேன் நுரையின் இன்னொரு வகைதான். மே மாதத்தில் நம் உடல் வெப்பம் அங்கேயே தேங்குகிறது. அதன்மேல் ரெக்சினும் போட்டால் வியர்வை ஆவியாகவும் வழியில்லை. துணியில் ஓரளவு ஆவி போகும். துணியின் தேய்மானத்துக்கு மார்ட்டின்டேல் என்ற உரசல் சோதனை இருக்கிறது. எத்தனை ஆயிரம் சுற்று தாங்கும் என்று எண் கொடுப்பார்கள். தினசரி வீட்டுப் புழக்கத்துக்கு 20,000க்கு மேல் இருந்தால் நிம்மதி. செயற்கைத் தோலின் பிரச்சினை உரசலில் இல்லை. பாலியூரித்தேன் பூச்சுள்ள வகைகளில் பலவற்றைக் காற்றின் ஈரமே மூலக்கூறு மூலக்கூறாக வெட்டிவிடுகிறது. யாரும் உட்காராத மூலையில்கூடச் செதில் செதிலாக உரிவது அதனால்தான். பி.வி.சி. ரெக்சினில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் மெல்ல வெளியேறி, உறை விறைத்து வெடிக்கிறது. கடலோர ஊர்களில் கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறையே என் தேர்வு.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர வேண்டாம். அமெரிக்காவில் 2004 முதல் 2012 வரை பதிவான 7,934 தூக்கநேரக் குழந்தை இறப்புகளை ஆராய்ந்தபோது 1,024 இறப்புகள் சோபாவில் நடந்திருந்தன. மிருதுவான ஃபோமுக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே முகம் புதைந்தால் குழந்தையால் தலையைத் திருப்ப முடியாது. தூக்கம் வந்தால் குழந்தையை அதன் சொந்தப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். அடுத்தது நெருப்பு. 1979இல் மான்செஸ்டரில் ஒரு பல்பொருள் அங்காடியின் அறைக்கலன் பகுதியில் பற்றிய தீயில் 10 பேர் இறந்தார்கள். எரியும் பாலியூரித்தேனின் நச்சுப்புகை அதன் பிறகுதான் பொதுப்பேச்சானது. பிரிட்டன் 1988இல் சோபா ஃபோமுக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. நம் வீடுகளில் கொசுவர்த்திச் சுருளைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவைக்கிறோம். அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த சோபா வாசலில் நுழையாமல் நிற்பதும் நடக்கிறது. இதில் ஒரு கணிதப் புதிரே இருக்கிறது. 1966இல் லியோ மோசர் கேட்டார்: ஒரு மீட்டர் அகலமுள்ள நடை செங்கோணமாகத் திரும்புகிறது, தரையிலேயே நகர்த்தி அந்தத் திருப்பத்தைக் கடக்கக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு என்ன? 1992இல் ஜோசப் கெர்வர் 2.2195 சதுர மீட்டர் பரப்புள்ள வளைந்த வடிவம் ஒன்றைக் கொடுத்தார். அதை விடப் பெரியது இருக்கவே முடியாது என்பதை நிறுவியதாக 2024 இறுதியில் தென்கொரியாவின் பேக் ஜினான் நூறு பக்கங்களைத் தாண்டும் கட்டுரையை வெளியிட்டார்.

நம் சோபா செவ்வகமாக இருப்பதால் கணக்கு சுலபம், முடிவு கசப்பு. 90 செ.மீ. ஆழமுள்ள செவ்வகம் அந்த நடையில் திரும்ப வேண்டுமானால் நீளம் 1 மீட்டர் 3 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. மூன்று பேர் உட்காரும் சோபா 2 மீட்டர் இருக்கும். இறக்கிவைக்க வரும் ஆட்கள் அதைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொள்வது இதனால்தான். நிமிர்த்தியதும் தரையில் அது பிடிக்கும் இடம் 90க்கு 85 செ.மீ. ஆகிவிடுகிறது, திருப்பாமலே மூலையைக் கடக்கலாம். இப்போது பார்க்க வேண்டியவை இரண்டு: சோபாவின் நீளம் வாசல்நிலையின் உயரத்துக்குள் வர வேண்டும், ஆழம், உயரம் இரண்டில் எது குறைவோ அது நிலையின் உள் அகலத்துக்குள் வர வேண்டும். கதவைத் திறந்துவைத்து, கதவின் தடிமனைக் கழித்து அளக்க வேண்டும். லிஃப்டில் ஏற்றுவதானால் அதன் உள் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கழற்றக்கூடிய கால்கள் இருந்தால் பத்து செ.மீ. மிச்சம் கிடைக்கும்.